கழுத்துத் தமனி அறுவை சிகிச்சை: ஆடி முடியும் வரை காத்திருக்கலாமா?

செம்பூர் வைதேகி

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 76. மாட்டுங்காவில் பல ஆண்டுகளாக நாமசங்கீர்த்தனம் பாடி வருபவர். சென்ற ஞாயிற்றுக்கிழமை பூஜையின் நடுவே வலது கையிலிருந்த மணி நழுவி விழுந்தது, பேச்சும் குழறியது. கால் மணி நேரத்திற்குள் எல்லாம் பழையபடி ஆகிவிட்டதால், வெறும் களைப்பு என்றே அவர் சொன்னார். வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். டாப்ளர் என்னும் ஒலியலைச் சோதனையிலும் சி.டி. ஆஞ்சியோவிலும், மூளைக்கு ரத்தம் கொண்டு செல்லும் கரோட்டிட் என்னும் கழுத்துத் தமனியில் இடது பக்கத்தில் 80 சதவீத அடைப்பு தெரிந்தது. வலது பக்கத்தில் 40 சதவீதம். ரத்தநாள அறுவை நிபுணர், கழுத்தைத் திறந்து தமனியை அடைத்திருக்கும் கொழுப்புப் படிவை அகற்றும் எண்டார்டெரெக்டமி என்னும் அறுவையை இரண்டு வாரத்திற்குள் செய்துவிட வேண்டும் என்கிறார்.

வீட்டில் இரண்டு தடைகள். ஆடி பிறந்துவிட்டது, ஆவணியில் நல்ல நாள் பார்த்துச் செய்யலாம், இப்போதுதான் நன்றாக நடமாடுகிறாரே என்கிறார் என் அத்தை. தந்தையின் தயக்கம் வேறு. ஒப்புதல் படிவத்தில் 'பக்கவாதம், மாரடைப்பு, குரல் மாற்றம், மரணம்' என்று வரிசையாக எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, பக்கவாதம் வராமல் தடுப்பதற்கான சிகிச்சையே பக்கவாதத்தைத் தரும் என்றால் எதற்காக அதைச் செய்துகொள்ள வேண்டும் என்று கேட்கிறார். என்னிடம் பதில் இல்லை. அனுபவமுள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

முலுண்ட் இராமநாதன்

எனக்கு இதே அறுவை, வலது பக்கத்தில், சில ஆண்டுகளுக்கு முன் நடந்தது. பெரிய கெடுதல் எதுவும் நேரவில்லை. ஆனால் சிறிய தொல்லைகளைப் பற்றி எவரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் அவற்றை எழுதுகிறேன்.

கண் விழித்ததும் கையையும் காலையும் அசைக்கச் சொன்னார்கள், அசைத்தேன். நாக்கை நீட்டச் சொன்னபோது அது அறுவை நடந்த பக்கமாகக் கோணியது. நாக்கை இயக்கும் நரம்பு தமனிக்குக் குறுக்கே செல்வதால், அதை ஒதுக்கிப் பிடிக்கும்போது இழுபட்டுச் செயலிழந்திருக்கிறது, தானாகத் தெளியும் என்றார்கள். சில மாதங்களில் தெளியவும் தெளிந்தது. அதுவரை சாதத்தை வாயில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்திற்குத் தள்ளுவதே பெரும்பாடாக இருந்தது, பேச்சிலும் லேசான தடுமாற்றம் இருந்தது. காது மடலின் கீழ்ப்பகுதியிலும் தாடை ஓரத்திலும் இன்றும் உணர்ச்சி குறைவுதான். சவரம் செய்யும்போது அந்த இடத்தைக் கண்ணாடியில் பார்த்தே செய்கிறேன்.

இவை தெரிந்திருந்தாலும் அறுவைக்கு ஒப்புக்கொண்டிருப்பேன்.

பழைய மயக்கவியலர்

ஓய்வு பெறும் வரை மும்பை மாநகரில் மயக்கவியல் மருத்துவராகப் பணியாற்றினேன். இத்தகைய அறுவைகள் பலவற்றில் நோயாளியின் தலைமாட்டில் நின்றிருக்கிறேன். நான் எழுதுவது பொதுச் செய்தி மட்டுமே. உங்கள் தந்தையைப் பார்த்த மருத்துவரின் சொல்லுக்கு அது மாற்றாகாது.

வைதேகி அம்மா, நாள் பார்க்கும் விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் இதில் உங்கள் குடும்பத்தின் கையில் முழுமையாக இருப்பது அது ஒன்றுதான். உங்கள் தந்தைக்கு நேர்ந்ததுபோல் அறிகுறி தோன்றிய நோயாளிகளுக்கு இந்த அறுவை எவ்வளவு பயன் தருகிறது என்பதைப் பல பெரிய ஆய்வுகளின் தரவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டு 2004 ஆம் ஆண்டு லான்செட் இதழில் வெளியிட்டார்கள். 50 சதவீதத்திற்கு மேல் அடைப்பு உள்ளவர்களில், இரண்டு வாரத்திற்குள் அறுவைக்குச் சேர்க்கப்பட்டவர்களில் 5 பேருக்கு அறுவை செய்தால், அடுத்த ஐந்தாண்டுகளில் ஒருவருடைய பக்கவாதம் தவிர்க்கப்பட்டது. 12 வாரங்கள் கடந்த பின் சேர்க்கப்பட்டவர்களிலோ ஒருவரைக் காக்க 125 பேருக்கு அறுவை செய்ய வேண்டியிருந்தது. அறுவையின் ஆபத்து இரு தரப்பிற்கும் உண்டு, நன்மைதான் கரைந்துவிட்டது. காரணம் எளியது. படிவின் மேற்பரப்பு வெடித்து, அதிலிருந்து சிறு துணுக்குகள் மூளைக்குப் போகும் காலம் முதல் அறிகுறியைத் தொடர்ந்த சில வாரங்கள்தான். அந்த வாரங்களைத் தாண்டியவர்களில் பலர் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருப்பார்கள். எஞ்சியவர்களின் படிவு ஓரளவு அடங்கியிருக்கும். இப்போது நன்றாக நடமாடுகிறார் என்று உங்கள் அத்தை சொல்வது உண்மை. அப்படி நடமாடும்போதே அறுவையைச் செய்துவிட வேண்டும் என்பதுதான் மருத்துவரின் அவசரத்திற்குக் காரணம்.

அதற்காக மறுநாளே ஓட வேண்டும் என்பதில்லை. அறிகுறி தோன்றிய முதல் இரண்டு நாள்களுக்குள் அறுவை செய்யப்பட்டவர்களில் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தவர்கள் 11.5 சதவீதம் என்றும், மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாள் வரை செய்யப்பட்டவர்களில் 3.6 சதவீதம் என்றும் சுவீடன் நாட்டுப் பதிவேட்டிலிருந்து 2012 இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே மூன்றாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடைப்பட்ட காலமே பொருத்தமானது. உங்கள் மருத்துவர் குறித்திருப்பதும் அதைத்தான். ஆவணி என்பது அந்த எல்லைக்கு வெகு தூரம் அப்பால். நாள் பார்த்தே தீர வேண்டுமானால், இந்த இரண்டு வாரத்திற்குள் உள்ள நாள்களில் ஒன்றை அத்தையே தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் தந்தை கேட்ட கேள்வி மிகச் சரியான கேள்வி. அதற்கான பதில் 1991 இல் வெளியான நாசெட் என்னும் வட அமெரிக்க ஆய்வில் இருக்கிறது. அறிகுறியும் 70 சதவீதத்திற்கு மேல் அடைப்பும் உள்ளவர்களில், மருந்து மட்டும் பெற்ற 100 பேரில் 26 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் அடைப்பு இருந்த அதே பக்கத்து மூளையில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் 9 பேருக்கு வந்தது. அறுவையின்போதும் அதையடுத்த ஒரு மாதத்திலும் பாதிக்கப்பட்டவர்கள் இந்த 9 பேருக்குள்ளேயே அடக்கம். ஆகவே படிவத்தில் எழுதியிருக்கும் ஆபத்து மெய்யானது. அதைக் கழித்த பிறகும் மிஞ்சும் நன்மை பெரிது. அன்றைய மருந்து பெரும்பாலும் ஆஸ்பிரின்தான், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் இன்று போல் பரவலாக இல்லை. அதனால் 26 என்பது இன்று குறைந்திருக்கக்கூடும் என்பதையும் நேர்மைக்காகச் சொல்ல வேண்டும்.

வயது 76 என்று அஞ்ச வேண்டாம். மேற்சொன்ன 2004 ஆய்வில் 75 வயதைக் கடந்தவர்கள் 65 வயதிற்குக் குறைந்தவர்களைவிட அதிக நன்மையே பெற்றார்கள். ஆய்வில் சேர்க்கப்பட்ட முதியவர்கள் ஓரளவு திடமானவர்கள் என்பதால், உங்கள் தந்தையின் இதயத்தை முன்கூட்டியே சோதித்துக்கொள்வது அவசியம்.

தாராவி சேவியர்

மருத்துவர் ஐயாவுக்கு வணக்கம். என் மைத்துனருக்குத் தொடை வழியாகக் கழுத்துத் தமனியில் ஸ்டென்ட், அதாவது அடைப்பை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய், வைத்தார்கள். மறுநாளே வீட்டிற்கு வந்துவிட்டார், கழுத்தில் தழும்புகூட இல்லை. இதயத்திற்கெல்லாம் இப்போது ஸ்டென்ட்தான் வைக்கிறார்கள். அப்படியிருக்க, 76 வயதுப் பெரியவரின் கழுத்தைத் திறக்க வேண்டும் என்று சொல்வது பழைய முறையை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதாகத் தோன்றவில்லையா? வயதானவருக்கு ஸ்டென்ட்தான் பாதுகாப்பு என்பது என் எண்ணம்.

பழைய மயக்கவியலர்

சேவியர் அவர்களே, பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள், ஆனால் ஆய்வுகள் நேர்மாறாகச் சொல்கின்றன. ஸ்டென்டையும் அறுவையையும் ஒப்பிட்டு 2010 இல் வெளியான கிரெஸ்ட் ஆய்வில் சுமார் 2,500 பேர் பங்கேற்றார்கள். சிகிச்சையை ஒட்டிய நாள்களில் ஸ்டென்ட் வைத்தவர்களில் 4.1 சதவீதத்தினருக்கும் அறுவை செய்துகொண்டவர்களில் 2.3 சதவீதத்தினருக்கும் பக்கவாதம் வந்தது. மாரடைப்பில் நிலைமை தலைகீழ்: ஸ்டென்டில் 1.1, அறுவையில் 2.3. வயது கூடக் கூட ஸ்டென்டின் ஆபத்து ஏறியது, அறுவையின் ஆபத்து அவ்வாறு ஏறவில்லை. இரண்டும் சமமாகும் வயது ஏறத்தாழ 70. முதியவர்களின் பெருந்தமனி வளைந்தும் சுண்ணாம்பு படிந்தும் இருப்பதால், கம்பியையும் குழாயையும் மேலே ஏற்றும்போதே துணுக்குகள் உதிர்கின்றன. இதயத்தில் துணுக்கு உதிர்ந்தால் தசையில் சிறு பகுதி பாதிக்கப்படும். மூளையில் உதிர்ந்தால் பேச்சு போய்விடும். அறிகுறி தோன்றிய சில நாள்களுக்குள் ஸ்டென்ட் வைப்பதும் கூடுதல் ஆபத்தைத் தரும்.

உங்கள் மைத்துனருக்கு ஸ்டென்ட் வைத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. முன்பே கழுத்தில் கதிர்வீச்சு சிகிச்சை பெற்றவர்கள், ஒரு முறை அறுவை நடந்து அதே இடம் மீண்டும் அடைத்தவர்கள், அடைப்பு தாடை எலும்புக்குப் பின்னால் உயரத்தில் இருப்பவர்கள், இதயம் மிகப் பலவீனமானவர்கள் ஆகியோருக்கு அதுவே முதல் தேர்வாக இருக்கக்கூடும்.

வைதேகி அம்மாவின் தந்தை பாடுபவர், படிவத்திலும் குரல் மாற்றம் என்று இருக்கிறது என்பதால் இன்னொன்று. நாக்கு, குரல், முகம் ஆகியவற்றை இயக்கும் தலை நரம்புகளில் காயம் கிரெஸ்ட் ஆய்வில் அறுவைப் பிரிவில் ஏறத்தாழ 4.7 சதவீதத்தினருக்கு நேர்ந்தது. ஓராண்டு முடிவதற்குள் அவர்களில் ஐவரில் நால்வருக்குச் சரியானது. குரல்வளைக்குச் செல்லும் வேகஸ் நரம்பு தமனியை ஒட்டியே இறங்குகிறது. அது இழுபட்டால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடிக்கும்போது புரையேறும். அதன் மேல் கிளை பாதிக்கப்பட்டால் சாதாரணப் பேச்சில் குறை தெரியாது, மேல் ஸ்தாயியில் பாட முடியாமல் போகும். பாடகர் என்பதை அறுவை நிபுணரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். அறுவைக்கு முன் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல் நாண்களைப் பார்த்துப் பதிவு செய்யட்டும். பின்னொரு காலத்தில் வலது பக்கத்திலும் அறுவை தேவைப்பட்டால் அந்தச் சோதனை கட்டாயம். இரு பக்க நாண்களும் செயலிழந்தால் மூச்சே தடைபடும்.

கடைவாய் கோணலைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். இடது பக்க அறுவைக்குப் பின் இடது கடைவாய் மட்டும் சற்றுத் தொங்கினால், அது பெரும்பாலும் தாடை ஓர நரம்பு கருவியால் அழுந்தியதன் விளைவு. வலது கடைவாய் தொங்கினாலோ, வலது கை வலுவிழந்தாலோ அது மூளையின் குரல். அந்தக் கணமே செவிலியரை அழைக்க வேண்டும். நன்றாக விழித்துப் பேசிய ஒருவருக்குச் சில மணி நேரம் கழித்து அப்படி நேர்ந்தால், தைத்த இடத்தில் ரத்தம் உறைந்துவிட்டது என்று கருதி உடனே மீண்டும் திறந்து பார்ப்பதுண்டு.

டோம்பிவிலி கலைச்செல்வி

என் தாயாருக்கு நேர்ந்ததை எழுதுவது பயமுறுத்துவதற்காக அல்ல. அறுவை நன்றாக முடிந்து வீட்டிற்கு வந்துவிட்டோம். அதே வாரத்தில் ஒரு நாள் காலை, அறுவை நடந்த பக்கத்திலேயே கடுமையான தலைவலி. பயணக் களைப்பாக இருக்கும் என்று தைலம் தேய்த்துப் படுக்க வைத்தோம். மாலையில் வலிப்பு வந்தது. அன்று பெய்த மழையில் குர்லாவிலும் சயானிலும் தண்டவாளம் மூழ்கி ரயில்கள் நின்றிருந்தன. சாலை வழியாக மருத்துவமனைக்குச் சேர்வதற்குள் நள்ளிரவு ஆகிவிட்டது. ரத்த அழுத்தம் 200 ஐத் தாண்டியிருந்தது. நல்வேளையாக மூளையில் ரத்தக் கசிவு இல்லை. மருந்தை ரத்தநாளம் வழியே செலுத்தி அழுத்தத்தைக் குறைத்ததும் தெளிந்துவிட்டார். வீட்டிற்கு அனுப்பும்போது தந்த தாளில் காயத்தை நனைக்காதீர்கள் என்று இருந்ததே தவிர, தலைவலி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. அந்த மருத்துவமனை எது என்று இங்கே கேட்க வேண்டாம்.

பழைய மயக்கவியலர்

கலைச்செல்வி அம்மா விவரித்திருப்பது மிகை ரத்த ஓட்டத்தால் வரும் பாதிப்பு. ஆண்டுக்கணக்கில் குறைந்த ரத்தத்திற்குப் பழகி விரிந்தே இருக்கும் மூளையின் சிறு நாளங்கள், அடைப்பு நீங்கியதும் முழு வேகத்தில் வரும் ரத்தத்தைச் சுருங்கிக் கட்டுப்படுத்த முடியாமல் திணறுகின்றன. தொண்ணூறு சதவீதத்தை நெருங்கும் அடைப்பு, மறுபக்கத் தமனியும் அடைத்திருத்தல், கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் ஆகிய மூன்றும் உள்ளவர்களிடம் இது அதிகம். சிலருக்கே வரும், ஆனால் ரத்தக் கசிவாக முற்றினால் உயிருக்கே ஆபத்து. பெரும்பாலும் முதல் வாரத்தில், வீடு திரும்பிய பிறகே தலைகாட்டுகிறது என்பதுதான் இதில் உள்ள சங்கடம். அதனால் முதல் இரண்டு வாரம் வீட்டில் காலையும் மாலையும் ரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வையுங்கள். எந்த எண்ணைத் தாண்டினால் அழைக்க வேண்டும் என்பதை மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மழைக்காலத்தில் தொலைவில் வசிப்பவர்கள் அந்த நாள்களில் மருத்துவமனைக்கு அருகே உள்ள உறவினர் வீட்டில் தங்குவது நல்லது என்று நான் எப்போதும் சொல்வதுண்டு.

அழுத்தம் எகிறுவதற்குக் காரணம் உண்டு. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் ரத்த அழுத்தத்தை அளக்கும் உணர்வு நரம்புகள் இருக்கின்றன. படிவை அகற்றும்போது அவையும் கலைகின்றன. சிலருக்கு அழுத்தம் ஏறும், சிலருக்கு நாடித்துடிப்போடு சேர்ந்து இறங்கும். முதல் நாளை ஐ.சி.யு.வில் கழிக்கச் சொல்வது இதற்காகத்தான். அழுத்தம் ஏறினால் கழுத்தின் தையலுக்கு உள்ளே ரத்தம் கட்டவும் கூடும். வீக்கம், விழுங்க முடியாமை, குரல் மாற்றம், படுக்க முடியாமல் எழுந்து உட்காரத் துடித்தல் ஆகியவற்றை நோயாளியின் பதற்றம் என்று ஒதுக்கக் கூடாது. மூச்சுக்குழாயைச் சுற்றியுள்ள திசு வீங்கிவிட்டால் குழாய் செலுத்துவதே கடினமாகிவிடும். தேவைப்பட்டால் படுக்கையிலேயே தையலைப் பிரிக்க வேண்டியிருக்கும். என் பணிக்காலத்தில் நான் மிகவும் அஞ்சிய சிக்கல் இதுதான். பக்கவாதத்தைவிட அரிதாகப் பேசப்படுவதும் இதுதான்.

முழு மயக்கமா, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்வதா என்று பிறகு கேட்பீர்கள். 3,526 பேரை வைத்து நடத்திய கேலா ஆய்வின் முடிவு 2008 இல் வந்தது. இரண்டிற்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. விழித்திருக்கும் நோயாளியின் எதிர்ப்பக்கக் கையில் அழுத்தினால் ஒலிக்கும் ரப்பர் பொம்மை ஒன்றைத் தருவோம். தமனியைக் கவ்வியதும் பொம்மை ஒலிக்காமல் போனால், மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று அறிந்து தற்காலிகக் குழாய் வழியே ரத்தம் செலுத்துவார்கள். அறுவை நிபுணரும் மயக்கவியலரும் எந்த முறையில் கைதேர்ந்தவர்களோ அதுவே உங்களுக்கும் நல்லது.

அந்தேரி பொறியாளர்

எனக்கு வயது 62, எந்த அறிகுறியும் இல்லை. நிறுவனம் ஏற்பாடு செய்த முழு உடல் பரிசோதனையில் வலது பக்கத்தில் 70 சதவீத அடைப்பு என்று வந்தது. இந்த இழையைப் படித்த பிறகு இரண்டு வாரம் என்ற கெடு என்னை உறங்க விடவில்லை. நானும் உடனே அறுவைக்குப் பதிவு செய்துவிட வேண்டுமா?

பழைய மயக்கவியலர்

வேண்டாம், நன்றாக உறங்குங்கள். அந்தக் கெடு அறிகுறி தோன்றியவர்களுக்கு மட்டும் உரியது. அறிகுறி இல்லாதவர்களிடம் நடந்த ஏகாஸ் (1995), ஏசிஎஸ்டி (2004) ஆகிய ஆய்வுகளில், ஐந்தாண்டுகளில் 11 அல்லது 12 சதவீதமாக இருந்த பக்கவாத ஆபத்து அறுவையால் 5 அல்லது 6 ஆகக் குறைந்தது. அதாவது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சதவீத நன்மை. அதற்குப் பின் மருந்துகள் மிகவும் முன்னேறிவிட்டன. 2025 இல் வெளியான கிரெஸ்ட்-2 ஆய்வில், தீவிர மருந்துச் சிகிச்சையோடு அறுவையும் செய்துகொண்டவர்களில் நான்காண்டுகளில் 3.7 சதவீதத்தினரும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 5.3 சதவீதத்தினரும் பாதிக்கப்பட்டார்கள். அந்த வேறுபாடு புள்ளியியல் நோக்கில் உறுதியானதல்ல. ஸ்டென்டை மருந்தோடு ஒப்பிட்ட இணை ஆய்வில் ஸ்டென்ட் பிரிவில் 2.8, மருந்து மட்டும் பெற்ற பிரிவில் 6.0 சதவீதம் என்று வந்து, ஸ்டென்டுக்குச் சாதகமாக அமைந்தது. நீங்கள் 70 வயதிற்கு உட்பட்டவர் என்பதால் அதையும் பேசிப் பாருங்கள். ஆனால் முதலில் ஸ்டேட்டின், ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை ஆகியவற்றைக் கவனியுங்கள்.

பொறியாளர் என்பதால் இதையும் கேட்டு வையுங்கள்: அந்த 70 எந்த முறையில் அளந்தது? நாசெட் ஆய்வு அளந்த முறையில் 50 என்று வருவது பழைய ஐரோப்பிய முறையில் சுமார் 70 ஆகிவிடும். டாப்ளர் ரத்தத்தின் வேகத்தை வைத்துத்தான் சதவீதத்தை ஊகிக்கிறது. சி.டி. ஆஞ்சியோ போன்ற இன்னொரு சோதனையால் உறுதி செய்யாமல் எவரும் கத்தியைத் தொடக் கூடாது.

முலுண்ட் இராமநாதன்

அந்தேரி நண்பருக்கு ஒரு வார்த்தை. அறிகுறி இல்லாதவருக்குச் செய்யும் இடத்தில் பக்கவாதமும் மரணமும் சேர்ந்து 3 சதவீதத்திற்குக் கீழேயும், அறிகுறி உள்ளவருக்கு 6 சதவீதத்திற்குக் கீழேயும் இருக்க வேண்டும் என்பது வழிகாட்டி நெறி. நான் என் நிபுணரிடம் அவருடைய சொந்தக் கணக்கைக் கேட்டேன். அவர் கோபப்படாமல் எடுத்துக் காட்டியதால்தான் அவரிடமே செய்துகொண்டேன். ஆய்வில் யாரோ பெற்ற வெற்றியை நம் ஊர் மருத்துவமனையின் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கழுத்தைக் கொடுக்க எனக்கு மனம் வராது.

செம்பூர் வைதேகி

அனைவருக்கும் நன்றி. இராமநாதன் ஐயா சொன்னபடி கணக்கைக் கேட்டோம். தயங்காமல் சொன்னார், ஆறு சதவீதத்திற்கு வெகுவாகக் கீழே இருந்தது. குரல் நாண் சோதனை நேற்று முடிந்தது, இரண்டும் இயல்பாக உள்ளன. அந்த 26, 9 என்ற எண்களைத் தந்தையிடம் தாளில் எழுதிக் காட்டினேன். இந்த 9 பேரில் அறுவையில் பாதிக்கப்பட்டவர்களும் உண்டா என்று ஒரு முறைக்கு இரு முறை கேட்டுவிட்டு ஒப்புக்கொண்டார். அத்தை பஞ்சாங்கத்தைப் புரட்டி வியாழக்கிழமையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், அது பதினோராம் நாள். தமனியைத் திறந்த இடத்தில் மாட்டின் இதய உறையிலிருந்து எடுத்த ஒட்டு வைத்துத் தைப்பதாக நிபுணர் சொன்னது தந்தைக்கு உறுத்தலாக இருந்தது. செயற்கை இழை ஒட்டு போதும் என்று பேசி முடித்தோம்.

ஒரே ஒரு ஐயம். பல் பிடுங்கும்போது ஆஸ்பிரினை ஐந்து நாள் முன்பே நிறுத்தச் சொன்னார்கள். இப்போதும் நிறுத்த வேண்டுமா?

பழைய மயக்கவியலர்

நிறுத்தக் கூடாது. ஆஸ்பிரின் அறுவை நாளன்றும் தொடர வேண்டும். 1999 இல் வெளியான ஓர் ஆய்வில் 81 அல்லது 325 மில்லிகிராம் எடுத்தவர்கள், அதைவிட மிக அதிக அளவு எடுத்தவர்களைக் காட்டிலும் நன்றாக இருந்தார்கள். ஆகவே குறைந்த அளவே போதும். ஆஸ்பிரினைப் போல ரத்தம் உறைவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல்லும் சேர்த்துக் கொடுத்திருந்தால், அதைத் தொடர்வதா என்பதை அறுவை நிபுணர் சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால் துணுக்குகள் குறையும், கழுத்தில் ரத்தம் கட்டும் வாய்ப்பு கூடும். ஸ்டேட்டினை ஒரு நாள்கூட விட வேண்டாம். ஒட்டு விஷயத்தில் கவலை இல்லை, ஒட்டு வைக்காமல் நேராகத் தைப்பதைவிட எந்த ஒட்டும் மேல். மீண்டும் அடைப்பது குறையும். புதனன்று இரவு மயக்கவியல் மருத்துவர் பார்க்க வரும்போது, எடுக்கும் மாத்திரைகளின் அட்டைகளையெல்லாம் அப்படியே அவரிடம் காட்டுங்கள். காலையில் எந்த ரத்த அழுத்த மாத்திரையை விழுங்க வேண்டும், எதை விட வேண்டும் என்று அவரே குறித்துத் தருவார்.